முதல் நாள் வேகத்துக்கு ஒரு வாழ்த்து

ஆப்பிளின் ஐபோனையும் சாம்சங்கின் கேலக்ஸியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது வேகம் என்று ஓட்டிப் பார்க்கிறார்கள். இருபது செயலிகளை வரிசையாகத் திறந்து மூடும் பந்தயத்தில், தோற்கிற போன் பெரும்பாலும் சில நொடிகள்தான் பின்தங்குகிறது. உறை பிரித்த அன்று இவ்வளவு துடிப்பாக இருக்கும் பொருள் வீட்டில் வேறொன்று கிடையாது. அந்த ஒரு நாளுக்காக இரண்டு நிறுவனங்களையும் மனமாரப் பாராட்டத்தான் வேண்டும்.

அதியமானுக்காகத் தூது போன ஔவையார், தொண்டைமானின் ஆயுதங்களைப் பார்த்து, நெய் பூசி, மயிற்பீலி சூட்டி எவ்வளவு அழகாக வைத்திருக்கிறீர்கள் என்று வியந்தார். அதியமானின் வேல்களோ போரில் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. ஒப்பீட்டு மேசையில் இருப்பவை தொண்டைமானின் போன்கள். நம் சட்டைப்பையில் இருப்பவை பட்டறை போன்கள். அந்த மேசைக்கு நெய் பூசுவதில் இரு நிறுவனங்களும் காட்டியிருக்கும் அக்கறையைச் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்தவர்கள் ஆவோம்.

சாம்சங்கின் விருந்தோம்பல் முதலில். 2013-ல் கேலக்ஸி எஸ்4-இன் ஒரு வகை, வேகத்தை அளக்கும் சோதனைச் செயலி எது என்று தானாகவே அடையாளம் கண்டுகொண்டது. அந்த விருந்தாளிக்கு மட்டும் கிராபிக்ஸ் சிப்பை 533 மெகாஹெர்ட்ஸில் ஓட்டியது. நாம் விளையாடும் கேம்களுக்கு 480. வீட்டுக்காரன் கூழ் குடித்தாலும் வந்தவருக்கு நெல்லுச்சோறு போடும் குணம் அது. ஒன்பது ஆண்டு கழித்தும் அந்தக் குணம் மாறவில்லை. 2022-ல் எஸ்22 வந்தபோது, போன் சூடாகாமல் இருக்க கேம்களின் வேகத்தை அடக்கும் ஒரு மென்பொருள் அதில் இருப்பது தென்கொரியாவில் வெளிப்பட்டது. அதில் காணப்பட்ட பெயர்ப் பட்டியலில் சுமார் 10,000 செயலிகள் இருந்தன. வேகத்தை அளக்கும் செயலிகள் மட்டும் அதில் இல்லை. யாரோ ஒருவர் சோதனைச் செயலிக்கு ஒரு கேமின் பெயரைச் சூட்டி ஓட்டினார், மதிப்பெண் சரிந்தது. வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் தளம் எஸ்10 முதல் எஸ்22 வரையிலான வரிசைகளைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. சாம்சங்கும் பெருந்தன்மையோடு, அந்தக் கட்டுப்பாட்டை விலக்கிக்கொள்ளும் வழியைப் பிறகு நமக்குக் கொடுத்தது. நாம் காசு கொடுத்து வாங்கிய வேகம் அது.

ஆப்பிளுடையது தாயன்பு. பழசான லித்தியம் பேட்டரியால், சிப் திடீரென்று கேட்கும் உச்ச மின்னோட்டத்தைத் தர முடியாது, போன் அணைந்துவிடும். உண்மையான சிக்கல்தான். 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 அதற்கு மருந்து கொடுத்தது: பேட்டரி தளர்ந்த ஐபோன் 6, 6எஸ், எஸ்இ ஆகியவற்றில் சிப்பின் வேகத்துக்குக் கடிவாளம். பிள்ளைக்குத் தெரியாமல் பாலில் மருந்தைக் கலந்து கொடுக்கும் தாயைப் போல, கடிவாளம் போட்டதை நம்மிடம் தெளிவாகச் சொல்லிக் கலங்கவைக்கவில்லை. போனுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துப் பலர் புது போன் வாங்கினார்கள். புது பேட்டரி ஒன்றே போதும் என்பது அவர்களுக்கு அந்த ஆண்டு டிசம்பர் வரை தெரியாது. விவரம் வெளியே வந்தபின் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3-இல்தான் பேட்டரியின் நிலையை நாமே பார்க்க முடிந்தது.

ஆப்பிளின் சிக்கனத்தையும் ஒரு வரி சொல்லவேண்டும். 2023-ல் இந்தியாவில் 79,900 ரூபாய்க்கு வந்த ஐபோன் 15-இன் திரை நொடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொண்டது. அப்போது பதினைந்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன்களிலேயே 120 கிடைத்தது. சாம்சங்கோ கொடையில் பாகுபாடு அறிந்தது: 2020-ல் எஸ்20 என்ற ஒரே பெயரில் அமெரிக்காவுக்கு ஸ்னாப்டிராகன் 865 சிப், இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் எக்ஸினோஸ் 990 சிப்.

இருவரும் பகைவர்கள் என்கிறார்கள். எனக்கு அவர்கள் ஒரே குருகுலத்து மாணவர்களாகத் தெரிகிறார்கள். ஐபோன் 12-இன் பெட்டியில் சார்ஜர் இல்லை என்று 2020 அக்டோபரில் சாம்சங் கிண்டல் செய்தது. 2021 ஜனவரியில் எஸ்21-இன் பெட்டியிலும் சார்ஜர் இல்லை. பகைவனிடமிருந்தும் பாடம் கற்கும் அடக்கம் எல்லோருக்கும் வாய்க்காது.

போன் வாங்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடையில் மின்னுவதை மட்டும் பார்க்காதீர்கள். அதே போனை மூன்றாண்டாக வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்து, ஐந்து நிமிடம் அதைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

அப்படிப் பழகிய போன்களை வைத்து இந்த இரு நிறுவனங்களையும் ஒருசேர விசாரித்தது இத்தாலியின் போட்டி ஆணையம். புது மென்பொருளைப் பழைய போன்களில் ஏற்றவைத்து அவற்றின் செயல்திறனைக் கெடுத்ததாக, 2018 அக்டோபர் 24 அன்று முடிவை அறிவித்தது. ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம், சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ.