மேற்குப் பக்க ஜன்னலை மாற்றுதல்: ஒரு முன்னாய்வு

சோழர் காலத்து ஏரி மதகு வரைக்கும் நம் ஆய்வாளர்கள் அளந்து எழுதிவிட்டார்கள். ஆனால் சென்னையின் பழைய அடுக்குமாடி வீடுகளில், ஐப்பசி மழைக்கு உப்பி, சாத்தினால் திறக்காமலும் திறந்தால் சாத்தாமலும் நிற்கும் மர ஜன்னலை ஒருவரும் சீண்டவில்லை. அதை மாற்றுவதென்று ஒரு குடும்பம் எப்படித் தீர்மானிக்கிறது, தீர்மானித்த பின் ஏன் வேறொன்றை வாங்கி வருகிறது என்பதே இவ்வாய்வின் பொருள். கதவும் ஆய்வெல்லைக்குள் அடங்கும். அதற்குக் கடைசியில்தான் இடம் கிடைத்தது.

இத்துறையில் இரு மரபுகள் உண்டு. அடைப்பு மரபினர், ‘காற்றுப் புகாத ஜன்னலே ஜன்னல், ஏசிக் குளிர் வெளியே போகக் கூடாது’ என்பர். திறப்பு மரபினர், ‘மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வரும்; அதற்குத் திறக்காத ஜன்னல் சுவருக்குச் சமம்’ என்பர். பெரும்பாலான வீடுகளில் முன்னவர் மகன், பின்னவர் தாயார்.

களப்பணியில் ஒரு கடைக்காரர் இரட்டைக் கண்ணாடி மாதிரியின் முன் லைட்டரைக் கொளுத்திக் காட்டினார். கண்ணாடிக்குள் நான்கு சுடர் தெரிந்தது. மூன்றாவது மட்டும் செக்கச் சிவந்திருந்தது. “அதுதான்ம்மா லோ-ஈ கோட்டிங். வெளிக்கண்ணாடியோட உள்பக்கம் அடிச்சிருக்கு” என்றார். உடன் வந்திருந்த அம்மையார் கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் பார்த்தார். “அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. நாலு மணி வெயில் கட்டில்ல விழுமா விழாதா?”

இத்துறையில் இதுவரை எழுப்பப்பட்ட ஒரே அறிவியல்பூர்வமான கேள்வி இது என்பது ஆய்வாளரின் துணிபு. கணக்கு இதோ. வெளியே 40 டிகிரி, ஏசி அறைக்குள் 24 டிகிரி. சாதாரண ஒற்றைக் கண்ணாடி வழியாக இந்த 16 டிகிரி வித்தியாசம் கடத்தும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சுமார் 90 வாட். இரட்டைக் கண்ணாடி அதைப் பாதியாக்கும், மகன் மகிழ்வார். ஆனால் மேற்குச் சுவரில் விழும் மாலை வெயிலைச் சதுர மீட்டருக்கு 500 வாட் என்று வைத்துக்கொண்டால், சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். 400 வாட்! பெர்லின்காரருக்குக் குளிர்காலத்தில் அது இலவச அடுப்பு. வேண்டுமென்றே உள்ளே விட்டுக்கொள்வார். நமக்கு அது கரண்டு பில். எனவே இங்கே கண்ணாடி எத்தனை அடுக்கு என்பதைவிட, வெயிலில் எத்தனை பங்கை உள்ளே விடுகிறது என்றே முதலில் கேட்க வேண்டும். எஸ்எச்ஜிசி என்று அதற்கு ஓர் எண் உண்டு. சாதாரணக் கண்ணாடிக்கு 0.8, வெயில் தடுப்புக் கண்ணாடிக்கு 0.3 அளவில். அதைக் கேட்டால் கடைக்காரர்கள் நம்மை மரியாதையோடு பார்ப்பதும் களப்பணியில் தெரியவந்தது.

சன்ஷேடு இருக்கிறதே என்று சிலர் மறுப்பர். சன்ஷேடு உச்சி வெயிலுக்கு. நாலு மணி வெயில் அதற்கு அடியில் குனிந்து வந்துவிடும். உள்ளே திரை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டிய வெப்பம் அறைக்குள் வந்தது வந்ததுதான். வெளிப்பக்கம் தொங்கும் மூங்கில் தட்டிதான் செலவு குறைந்த விடை. கட்டடத்தின் அழகு கெடுகிறதென்று குடியிருப்போர் சங்கம் அதைக் கழற்றச் சொல்லும் என்பதால் இம்முடிவு ஏட்டளவிலேயே நிற்கிறது.

அடுத்தது கம்பி–வலை–கண்ணாடி முரண். திருடனுக்குக் கம்பி, கொசுவுக்கு வலை. இரண்டும் உள்பக்கம் வந்துவிட்டால் வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலைத் திறக்கக் கையை எங்கே விடுவது? இந்தக் கேள்வியில் முட்டி மோதித்தான் ஊரே நகர்த்தும் யுபிவிசி ஜன்னலில் வந்து நின்றிருக்கிறது. வலைக்கும் சேர்த்து மூன்று தடம்; எப்படி நகர்த்தினாலும் பாதிதான் திறக்கும். ஆற்றல் திறன் பணியகம் 2018இல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’, சென்னை போன்ற வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களின் புது வீடுகளுக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. அதாவது 900 சதுர அடி வீட்டுக்கு 150 சதுர அடித் திறப்பு. பெயரைப் பார்த்துப் பழஞ்சுவடி என்று எண்ணியிருந்த அம்மையார், விஷயம் தெரிந்ததும், “கவர்மென்டே என் கட்சிதான்” என்று மகனிடம் தெரிவித்தார். நாலுக்கு நாலு நகரும் ஜன்னல் திறப்பது எட்டே சதுர அடி. வீட்டில் அப்படி எத்தனை இருக்கின்றன என்று மகன் எண்ணவில்லை.

இனி கதவு. ஏசி அறைக் கதவின் கீழே ஊதுவத்தியைப் பிடித்தால் புகை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று தெரிந்துவிடும். அடிவிளிம்பில் ஒட்டும் பிரஷ் பட்டையே அந்தக் கசிவை அடைக்கப் போதும். வாசற்கதவு வேறு வகை. விளக்கேற்றும் நேரத்தில் அதைச் சாத்தி வைத்தால் லட்சுமி திரும்பிப் போய்விடுவாள் என்பதால், ரப்பர் பீடிங் வைத்த புதுக் கதவும் அந்நேரம் விரியத் திறந்தே கிடக்கும். அப்போது ஏசியை நிறுத்திவிடுவதாகக் குடும்பத்தார் உறுதியளித்தனர். ஆய்வாளர் நேரில் பார்த்தவரை ரிமோட்டை யாரும் தொடவில்லை.