துரை கொடுத்த லயத்து வீடு

மலாயாவில் செரண்டா முதல் கோல சிலாங்கூர் வரை பரந்திருந்த ரப்பர் தோட்டங்களில் கம்பெனி வேலையின் பெரிய நன்மை, எதற்கும் வேலி தாண்ட வேண்டியதில்லை என்பது. லயத்து வீடு, பிள்ளைகளை விட்டுச்செல்ல ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில் எல்லாம் உள்ளேயே. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி வாங்கிய சம்பளத்தை அலைச்சலின்றிச் செலவழிக்கக் கள்ளுக்கடையும் உண்டு. பள்ளிக்கூடம் மட்டும் முழுக்கக் கம்பெனியின் கருணை அன்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம்.

தீமைகளும் இல்லாமல் இல்லை. மழை பெய்தால் வெட்டு இல்லை. வானம் கம்பெனிச் சொத்து அல்லவே. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள், இறங்காமல் போகும் உரிமையைக் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடவும் சொன்னார்கள். கம்பெனி செய்துதந்த வசதியையே வேண்டாம் என்ற நன்றிகெட்ட கோரிக்கை! வேலைநிறுத்தத்தை அடக்க ராணுவம் வந்தது.

வேலை போனால் வீடும் போகும் என்பது பழைய ஏற்பாடு. பின்னாளில் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்கு விற்கப்பட்டபோது, இரண்டையும் சேர்த்தே காலி செய்யச் சொன்னார்கள்.