அம்பாசடருக்கு ஆயுள் பலன்

கேள்வி: தகப்பனார் விட்டுப்போன அம்பாசடர், திருச்சுழி போய் வருவதற்குள் நீலப் புகை கக்கி ஆயிலையும் குடித்துவிடுகிறது. பழுது பார்ப்பதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா?
– ஒரு வாசகர், வீரசோழன்.

பதில்: நீலப் புகையானது, பிஸ்டன் ரிங் முதலியன தேய்ந்து ஆயில் சிலிண்டருக்குள் பிரவேசித்து எரிகிறது என்பதற்கு வாகனம் தரும் வாக்குமூலமேயன்றி மரண சாசனம் அன்று. 2014-இல் உத்தரபாரா ஆலையில் உற்பத்தியே நின்றுபோனபடியால் உதிரிப் பாகங்களுக்குச் சற்று அலைய நேருமெனினும், அருப்புக்கோட்டைப் பக்கம் அந்த என்ஜினைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த பழைய கை ஒன்று அகப்படாமற் போகாது. என்ஜினுக்குப் பரிகாரம் உண்டு. உடல் துருவேறிப்போனால் கிடையாது. ஆதலால் கதவுக்கு அடியிலுள்ள தகட்டை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள்: 'டங்' என்றால் செலவு செய்யலாம், 'பொத்'தென்று உள்ளே இறங்கினால் விற்றுவிடலாம். மனிதரை வாட்டும் நம் வறண்ட சீமை, கடற்கரை ஊர்களைப் போலன்றி, இரும்புக்கு மட்டும் ஏனோ அனுக்கிரகம் புரிந்திருக்கிறது! 15 வருஷம் கடந்த காருக்கு 5 வருஷத்துக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டுமாகையால், தவணை எப்போது முடிகிறதென்று ஆர்.சி. புத்தகத்தையும் பார்த்துக்கொள்க. விற்பதென்றே முடிவானால், பல்லைப் பிடித்து ஆட்டின் வயதைச் சொல்லிவிடும் உங்களூர்ச் சந்தைக்காரரிடம் மட்டும், 'அதிகம் ஓடாத வண்டி' என்று ஆரம்பிக்க வேண்டாம்.