முதல் யாருடையது, பலன் யாருக்கு?

முதலாளி இல்லாமல் தொழிலாளிக்கு ஏது சோறு? (ஒரு வாசகர், கோவை)

முதல் இல்லாமல் தொழில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதலாளி இல்லாமல் தொழில் நடந்திருக்கிறது. கீழே கண்ணூர்க் கதையைப் படியுங்கள்.

நஷ்டம் வந்தால் முதல் போட்டவர்தானே தாங்குகிறார்? லாபமும் அவருக்குத்தானே சேர வேண்டும்? (ஒரு வாசகர், ஈரோடு)

அவர் மட்டும் தாங்குவதில்லை. லிமிடெட் கம்பெனியில் பங்கு வாங்கியவரின் நஷ்டம், போட்ட பணத்தோடு நின்றுவிடும். அவர் வீட்டுப் பாத்திரத்தை யாரும் ஜப்தி செய்ய முடியாது. இருபது வருஷம் உழைத்தவருக்கோ வேலையும் சம்பள பாக்கியும் ஒரே நாளில் கேள்விக்குறி ஆகிவிடும். கம்பெனியைக் கலைத்து விற்கும்போது, தொழிலாளியின் கடைசி 24 மாதப் பாக்கியை அடமானம் பிடித்த வங்கிக் கடனுக்குச் சமமான வரிசையில் வைக்கிறது 2016-ம் வருடத் திவால் சட்டம். சரியான வரிசைதான். மாதம் முழுக்க வேலை பார்த்துவிட்டு மாதக் கடைசியில் சம்பளம் வாங்குகிறவர், அத்தனை நாளும் முதலாளிக்குக் கடன் கொடுத்தவர்தானே? அந்தக் கடனுக்கு வட்டி கேட்ட தொழிலாளியை நான் பார்த்ததில்லை.

போனஸ், முதலாளி பார்த்துக் கொடுக்கும் தீபாவளிப் பரிசா? (ஒரு வாசகி, மதுரை)

இல்லை அம்மா. 1965-ல் சட்டமே போட்டாகிவிட்டது. கணக்கில் எடுக்கும் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. புதிதாகத் தொடங்கிய நிறுவனங்களுக்கு ஆரம்ப ஆண்டுகளில் விலக்கு உண்டு. சட்டத்துக்குள் வரும் மற்ற நிறுவனங்கள் லாபம் இல்லாத வருஷமும் குறைந்தபட்ச போனஸைக் கொடுத்தே ஆக வேண்டும். பரிசுக்கு நன்றி சொல்லலாம். பாக்கிக்குக் கையெழுத்துப் போட்டால் போதும்.

தொழிலாளிகளே முதலாளி ஆனால் தொழில் உருப்படுமா? (ஒரு வாசகர், தென்காசி)

கண்ணூரில் உருப்பட்டது. பீடித் தொழிலாளர்களுக்கு வேலை நேரம், விடுமுறை எல்லாம் வரையறுத்து 1966-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. கேரளம் அதை அமல்படுத்தப் போகிறது என்றதும், மங்களூர் பீடி முதலாளிகள் கண்ணூர்ப் பக்கம் இருந்த பீடிக் கூடங்களை மூடிவிட்டுப் போனார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே மூச்சில் தெருவுக்கு வந்தன. 1969-ல் அந்தத் தொழிலாளர்களே சேர்ந்து தொடங்கியதுதான் கேரள தினேஷ் பீடி கூட்டுறவு. அரசு கடன் கொடுத்துக் கைதூக்கிவிட்டது. உச்சத்தில் இருந்தபோது 40,000 பேருக்கு மேல் அதில் வேலை பார்த்தார்கள்.

அந்தக் கூடங்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் பேப்பரை உரக்க வாசிப்பார். மற்றவர்கள் இலையில் தூளை வைத்துச் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். வாசிக்கிறவரின் பங்குப் பீடியையும் அவர்களே சுற்றிவிடுவார்கள், அவர் கூலி குறையாது. நாட்டு நடப்பு தெரிந்த தொழிலாளியால்தான் சங்கக் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்க முடியும். உங்கள் மாவட்டத்துப் பெண்களை நினைத்துப் பாருங்கள். வீட்டுத் திண்ணையில் மடியில் தட்டோடு தனித்தனியாக உட்கார்ந்து சுற்றுகிறார்கள். சரியில்லை என்று ஏஜென்ட் கழித்துவிட்ட பீடிக்குக் கூலி கேட்க ஒருத்தியால் முடியாது.

பீடி உடம்புக்குக் கேடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விற்பனை சரிந்தபோது தினேஷ் கூட்டுறவு குடை, உணவுப் பொருள் பக்கம் திரும்பியது. சரக்கு விலைபோகாததால் ஆட்களைத் துரத்தாமல், ஆட்களுக்காக வேறு சரக்கைத் தேடினார்கள். நியாயமான பொருளாதாரம் என்று நான் சொல்வது இதைத்தான்.

பீஸ் ரேட் நியாயம்தானே? அதிகம் தைத்தால் அதிகக் கூலி! (ஒரு வாசகர், திருப்பூர்)

ஆர்டர் குவியும்போது சரி. துணி வந்து சேரவில்லை, கரண்ட் போய்விட்டது, வெளிநாட்டுக்காரர் ஆர்டரை நிறுத்திவிட்டார் என்றால்? டெய்லர் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிற அந்த நேரத்துக்குக் கூலி யார் தருவது? வியாபாரத்தின் நஷ்டத்தை டெய்லர் தலையில் சத்தமில்லாமல் இறக்கிவைக்கும் முறை அது. அப்புறம் அதை ஈடுகட்டத்தான் ஒன்றரை ஷிப்ட் ஓட வேண்டியிருக்கிறது. பீஸ் ரேட் இருக்கட்டும், அதற்கு அடியில் ஒரு நாள் சம்பளம் நிச்சயமாக இருக்க வேண்டும்.

சங்கம் வந்தால் முதலீடு ஓடிவிடாதா? (ஒரு வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

ஜெர்மனியைப் பாருங்கள். 2,000 பேருக்கு மேல் வேலை பார்க்கும் கம்பெனிகளில், நிர்வாகத்தைக் கண்காணிக்கும் குழுவில் பாதி இடம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு என்று 1976-ல் சட்டம் செய்தார்கள். சரிசமமாக ஓட்டு விழுந்தால், பெரும்பாலும் பங்குதாரர் பக்கத்து ஆளாக இருக்கும் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. அதுவரை பேசித்தான் ஆக வேண்டும். ஜெர்மன் கார் கம்பெனிகள் ஓடிப்போய்விட்டனவா?

சென்னையில் 1918-லேயே பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் நடத்தினார்கள். ஆலை நிர்வாகம் வாடியாவை நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 2024-ல் உங்கள் ஊர் சாம்சங் தொழிலாளர்கள், சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வெயிலில் உட்கார வேண்டியிருந்தது. எனக்கு அதில்தான் வருத்தம்.

பதினைந்து பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறேன். நான் என்ன செய்ய? (ஒரு வாசகர், ஓசூர்)

பத்துப் பேரைத் தாண்டிவிட்டீர்கள், இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சம்பளச் சீட்டைக் கையில் கொடுங்கள். வருஷக் கணக்கு முடிந்ததும் பதினைந்து பேரையும் உட்கார வைத்து வரவு செலவைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இந்த வருஷமே ஆரம்பியுங்கள்.