கொப்பரைச் சூத்திரத்துக்கு ஓர் உரை

பரிமேலழகர் காஞ்சிபுரத்துக்காரர் என்பது வழக்கு. ஆகவே, பெரிய காஞ்சிபுரத்தில் ஒற்றை வரிக்கு உரை எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இங்கே எடுத்துக்கொண்ட வரி பிளஸ் ஒன் மாணவர் அறிந்ததே: கரைபொருளின் நிறையை மோலார் நிறையால் வகுத்து, வந்ததை மோலாரிட்டியால் வகுக்க, கரைசலின் கனஅளவு லிட்டரில் கிடைக்கும்.

இவ்வரி பயிலும் இடம் யாதெனின், பட்டு வேகும் கொப்பரை என்க. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு செரிசின் என்னும் பசை. அது போகாமல் நூல் மினுங்காது. சாயமும் சீராக ஏறாது. அதைப் போக்கவே சோப்பும் சலவைச் சோடாவும் போட்ட கொதிநீர். காரம் மிஞ்சினால் நூலே நலியும். எனவே சோடா 0.02 மோலார் போதும் என்று கொள்வோம். கையில் இருப்பது 106 கிராம். மோலார் நிறையும் 106. ஆக ஒரு மோல், 50 லிட்டர். விடை முழுசாக வர எண்களைப் பொறுக்கி எடுத்ததாகக் குறை சொல்வார் உளர். எல்லாப் பாடநூலும் அப்படித்தான்.

இனித் தடை. கடைக்காரர் கட்டிக் கொடுத்தது எந்தச் சோடா? நீரற்ற தூளென்றால் மேற்படி கணக்கு. படிகமென்றால், ஒரு மோல் சோடாவுக்குள் பத்து மோல் தண்ணீர் குடியிருக்கிறது. மோலார் நிறை 286. அதே 106 கிராமுக்கு 18.5 லிட்டர்தான். அதாவது, நூற்றுக்கு 63 பங்கு தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிவந்து தண்ணீரிலேயே கொட்டுகிறோம். பால்காரரிடம் சண்டை போடும் நாம் இதற்கு வாய் திறந்ததில்லை. போதாக்குறைக்கு, மூடாமல் வைத்த படிகம் தானே நீரை விட்டுப் பொடியாக, அதன் மோலார் நிறை 124-ஐ நோக்கி இறங்கும். எனவே, சூத்திரத்தில் எந்த எண்ணை இடுவது என்பது டப்பாவின் மூடியைப் பொறுத்தது என்று அறிக.

இரண்டாம் தடை அடுப்பு. 25 டிகிரியில் அளந்த 50 லிட்டர், கொதிநிலையில் ஏறத்தாழ 52. ஒரு கிராம் சோடாவும் தொலையாமல் மோலாரிட்டி குறைகிறது! ஆவி போகப்போக மறுபடி ஏறும். சூட்டில் கனஅளவு விரிவதற்கு அஞ்சியே வேதியியலார் கரைப்பானின் எடையைக் கொண்டு மோலாலிட்டி என இன்னொன்றை வகுத்தனர்.

இத்தனையும் கேட்ட பட்டறைக்காரர், கோலில் ஒரு சிட்டம் நூலைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது: “குடத்துல ஊத்துறோம் சார், லிட்டரு எதுக்கு?”