பதிவாகாத கருடன்

பெற்றோரைப் பேண இதைவிட உயர்ந்த வழி இல்லை. விடியுமுன் எழுப்பி, வீராணம் ஏரிக்கரையில் நிறுத்தி, மூட்டுவலிக்கார அப்பாவிடம் "அசையாதீங்கப்பா, உள்ளான் பறந்துடும்" என்று அதட்ட வேண்டும். காசி யாத்திரையெல்லாம் பழைய கதை. 2002-இல் கார்னெல் பல்கலைக்கழகம், பார்த்த பறவைகளைப் பதிவிடும் ஈபேர்டு தளத்தைத் தொடங்கிய பிறகு புண்ணியத்துக்கே எண் வந்துவிட்டது. இந்தியாவில் 1,300-க்கு மேற்பட்ட பறவையினங்கள், ஆயுளோ ஒன்று. ஏற்கெனவே பதிவான காகத்தையும் மைனாவையும் நிமிர்ந்து பார்ப்பது நேர விரயம்.

முகூர்த்த நாளில் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் வரிசையாகக் கல்யாணம் நடக்கும். அங்கே இனி ஜாதகத்தோடு பறவைப் பட்டியலையும் கேட்கலாம். "பையன் பிச்சாவரம் முடிச்சாச்சா?" முந்நூறுக்குக் கீழே என்றால் தோஷம். பரிகாரம், பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் நாலு நாள் வெயில்.

போன வாரம் கெடிலக் கரையில் செம்பருந்து ஒன்று வட்டமிட்டது. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இது நம்மகிட்ட இருக்குப்பா, கிளம்புங்க."

"கருடன்டா. இந்த ஆத்தையே பெருமாளுக்காகக் கொண்டாந்தவர்."

உடனே கைபேசியில் தேடினேன். தேதி இல்லை, படமும் இல்லை. ஈபேர்டு மதிப்பாய்வாளர் ஏற்க மாட்டார்.