பெரிய பொட்டி வாங்கப் போற பேரனுக்கு

வா கண்ணு, உக்காரு. முருங்கை இலைப் பொடி யாவாரம் பண்ணப் போறயாம், அதுக்குப் பெரிய ஸ்டீல் டிரையர் ஒண்ணு வாங்கப் போறயாம். உன்ற அம்மா போன்ல சொன்னா. நெம்ப சந்தோசம். அரவக்குறிச்சிப் பக்கம் காத்தும் வெயிலும் இனாமாக் கெடக்குது, ஒருத்தனும் மதிக்கறதில்ல. காசு குடுத்துக் காத்து வாங்கினாத்தான் கம்பெனின்னு ஒத்துக்குவாங்க.

கிண்டல் பண்ணாதீங்க அப்பச்சிங்கறயா? சரி, உடு. மிசினு வேணும்னு நானே சொல்றேன். முருங்கை இலையை நேரா வெயில்ல போட்டா அதுல இருக்கற வைட்டமின் ஏ போயிரும். நெழல்ல போட்டா ஐப்பசி, கார்த்திகையில கருத்துப் போய்ப் பூசணம் புடிச்சுக்கும். உன்ற அம்மாயி கட்டல்ல பரப்பி வெச்ச இலையைக் கடைசியில ஆடு தின்னதுதான் எச்சு. அதனால மிசினு சரி. எந்த மிசினுங்கறதுதான் பழமை.

நீ காட்டின படத்தைப் பாத்தேன். கண்ணாடிக் கதவு, உள்ள நீல லைட்டு, போன்லயே சூடு பாத்துக்கற வசதி. பொண்ணு பாக்கப் போன எடத்துல வாசக் கோலத்தை மட்டும் பாத்துட்டுத் தட்டு மாத்தற ஆளுடா நீ.

'50 கிலோ புடிக்கும்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். எது 50 கிலோ? கூழாங்கல்லா? நாம பேப்பர்ல ஒரு கணக்குப் போடலாமா? ட்ரே ஒண்ணு 32க்கு 16 இஞ்சு. 24 ட்ரேன்னா மொத்தம் 85 சதுர அடி, அதாவது எட்டு சதுர மீட்டருக்குப் பக்கம். உருவின இலையைச் சதுர மீட்டருக்கு ரெண்டு கிலோவுக்கு மேல போட்டா ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு அடியில வெந்து போகும். ஆக, உன்ற 50 கிலோ பொட்டியில போறது 16 கிலோ. இலையில முக்காவாசிக்கு மேல தண்ணி. காஞ்சு வெளிய வர்றது மூணரைக் கிலோ. அதுலயும் தக்காளியா இருந்திருந்தா நீ அழுதிருப்பே. பத்துக் கிலோ போட்டா முக்காக் கிலோ தேறாது. விக்கறவன் கிட்ட எத்தனை கிலோ புடிக்கும்னு கேக்காத. எத்தனை சதுர அடி ட்ரே, மணிக்கு எத்தனை லிட்டர் தண்ணியை வெளிய தள்ளும்னு கேளு. அவன் டீ சொல்லிட்டு உள்ள போயிருவான். டீயைக் குடி, காசு குடுக்காத.

அந்தத் தண்ணிதான் உன்ற யாவாரமே. நீ பொடி விக்கறதா நெனைச்சுக்கிட்டு இருக்கறே; மின்வாரியத்துக்காரன் பார்வையில நீ தண்ணியை ஆவியாக்கிக் கரண்டு பில்லு கட்டற ஆளு. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகறதுக்கு மட்டுமே முக்கா யூனிட்டுக்குச் சித்த கொறைவாப் புடிக்கும். அது ஏட்டுக் கணக்கு. ட்ரே சூடாகறது, தகடு சூடாகறது, கதவிடுக்குல போறதுன்னு எல்லாம் சேந்தா ஒண்ணரை, ரெண்டு யூனிட்டு ஆயிரும். ஒரு நடைக்குப் பன்னெண்டரை லிட்டரு. பெருக்கிப் பாத்துக்க. அதுக்குத்தான் கதவுச் சட்டத்துல ரப்பர் நல்லா இருக்குதா, ரெண்டு தகட்டுக்கு நடுவுல ராக் ஊல் அடைச்சிருக்கறானான்னு பாக்கச் சொல்றது. ஓடற மிசினோட வெளித் தகட்டுல கை வெய்யி. சுட்டுதுன்னா அங்க காயறது இலையில்ல, உன்ற காசு.

ஆனா மூடி மூடி வெச்சாலும் ஆகாது, அதுதான் கூத்து. ஈரக் காத்து வெளிய போக வழி வேணும். எவ்வளவு தொறக்கோணும்ங்கறதை ஏத்தி எறக்கற தகடு இருக்கோணும். அது இல்லாத பொட்டியில காய வெச்சா இட்லிக் குண்டால அவிச்ச மாதிரிதான் வரும், அவிச்ச கீரைக்குப் பொரியல்னு பேரு. காத்தாடி அடியில இருந்து மேல ஊதற மாடல்னா கீழ் ட்ரே சருகாயிரும், மேல் ட்ரே பச்சையாவே நிக்கும்; நீ ராத்திரி முழுக்க மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இருப்பே. பின்னால இருந்து எல்லா ட்ரேயிலயும் குறுக்க ஊதறதா எடு. சூடு 50ல இருந்து 55 டிகிரி போதும். சீக்கிரம் ஆகட்டும்னு 80க்குத் திருப்பினா இலை பச்சை போயி மண்ணு நெறம் ஆகும். மாங்காய்க்கு அதே அவசரம் பண்ணினே, மேல தோலு கெட்டிப்பட்டு உள்ள ஈரம் சிக்கிக்கும், டப்பாவுல அடைச்சப்பறம் பூசணம் பூக்கும்.

ஸ்டீலுக்கு வரலாம். நீ சட்டைப் பையில காந்தம் வெச்சிருக்கறதை நான் பாத்துட்டேன். ஒட்டலைன்னா நல்ல ஸ்டீல்னு எவனோ சொல்லிக் குடுத்திருக்கறான். காந்தம் நல்ல ரகமான 304லயும் ஒட்டாது, மட்டமான 202லயும் ஒட்டாது. 304ல நிக்கல் எட்டு சதத்துக்குக் கொறையாது; 202ல அதைக் கொறைச்சு மாங்கனீசை ஏத்தியிருப்பாங்க. புதுசுல ரெண்டும் ஒரே பளபளப்பு. மோர் மொளகாய், உப்பு மாங்காய்னு நாலு நடை போட்ட பின்னாடி 202 துரு கக்கும். பழைய ஸ்டீல் யாவாரிங்க ஒரு சொட்டு மருந்து வெச்சிருக்கறாங்க, தகட்டுல உட்டா நெறம் மாறிக் காட்டிக் குடுத்துரும். பில்லுல 304ன்னு எழுதி வாங்கு. உள்தகடு, ட்ரே, ட்ரே வெக்கற சட்டம், மூணும் 304. வெளித்தகடு பெயின்ட் அடிச்ச இரும்பா இருந்தாலும் பாதகமில்ல, ஆராச்சும் வெளித்தகட்டை நக்கிப் பாக்கப் போறாங்களா? மூலையில எல்லாம் ஆர்கான் வெல்டிங் வெச்சு வழவழன்னு தேச்சிருக்கோணும். இல்லாட்டிப் போன மாசத்து இலை அங்கயே குடும்பம் நடத்தும்.

அப்பறம், மிசினுக்குள்ள இருக்கற ஆறு கிலோவாட் ஹீட்டரை வீட்டு பிளக்குல சொருகிராத. 16 ஆம்பியர் பிளக்கு மூணரைக் கிலோவாட்டுக்குத்தான் தாங்கும். கெணத்து மோட்டார் லைன்ல கோத்துக்கலாமான்னு ஒரு யோசனை வந்திருக்குமே? எனக்கும் வந்துது. அந்த இலவசக் கரண்டு பம்புசெட்டுக்கு மட்டுந்தான், மாட்டினா ரெண்டு பேரும் சேந்து போகோணும். யாவாரத்துக்குத் தனி இணைப்பு, மூணு பேஸு, எழுதிக் குடுத்து வாங்கு. உணவுப் பாதுகாப்புப் பதிவும் எடுத்துரு. மானியத்துக்கு மாவட்டத் தொழில் மையத்துல கேளு. 2020ல கொண்டாந்த மத்திய அரசுத் திட்டத்துல, லோன் போட்டா 35 சதம், பத்து லட்சத்துக்கு மிகாம வெச்சிருந்தாங்க. இப்ப நடப்புல இருக்குதான்னு விசாரி. மானியம் வருதேன்னு ரெண்டு மடங்குப் பொட்டியா எடுத்துராத, மீதி 65 சதம் நீதானே கட்டோணும்?

இன்னொண்ணு. பணம் கட்டறதுக்கு முன்னால நம்ம மரத்து இலையிலயே 16 கிலோ தர்றேன், மிசினு செய்யறவன் பட்டறைக்கே கொண்டுபோயி ஓட்டிப் பாரு. மீட்டரைக் குறிச்சுக்க, மூலை ட்ரேயையும் நடு ட்ரேயையும் தனித்தனியா எடை போடு. ஓட்டிக் காட்ட மாட்டேன்னா வேற பட்டறை பாரு. தஞ்சாவூர்ல நிப்டெம்னு உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்குது, அங்க போயும் கத்துக்கிட்டு வா. ஒரு வாரம் போனா மரம் எங்கயும் போகாது.

இலைக்கு என்ன வெலையா? சொந்தப் பேரன்கிட்டப் போயி வெலை பேசுவனா? ஊர் வெலைதான். காஞ்சதுக்கு அப்பறம் எடை போட்டுக்கலாம்னு ஒரு திட்டம் வெச்சிருப்பே, உன்ற மூஞ்சியிலயே தெரியுது. அது ஆகாது. வெள்ளென அஞ்சு மணிக்குச் சாக்கோட வா. பனி காயறதுக்குள்ள எடை போட்டரலாம்.